கருவேலங்காட்டை அழிக்க ஜேசிபி போதுமா, ஹிட்டாச்சி வேண்டுமா?

கேள்வி:
பரமக்குடி பக்கம் நாலு ஏக்கர், ரொம்ப வருஷத் தரிசு, முழுக்க சீமைக்கருவேலம். சில தூர் தொடை கனம் இருக்கும். ஓரத்துப் பனைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். எந்த வண்டியைக் கூப்பிடலாம்?

பதில் 1:
ஹிட்டாச்சி மாதிரி, டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் வண்டிதான் சரி. ஜேசிபி ரோட்டில் தானாக ஓடி வந்துவிடும், மணி வாடகையும் குறைவு, ஆனால் கருவேல முள் டயரைப் பதம் பார்த்துவிடும். எதுவானாலும் வேரோடு தோண்டச் சொல்லுங்கள், தரைமட்டத்தில் ஒடித்துப் போட்டால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும்.

பதில் 2:
இருபது டன் செயின் வண்டி என்றால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ட்ரெய்லரில்தான் வரும், போக வர அந்த வாடகையும் உங்கள் தலையில். ட்ரெய்லர் திரும்ப இடம் இருக்கிறதா, வாய்க்கால் பாலம் தாங்குமா, கரண்ட் கம்பி தாழத் தொங்குகிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். பக்கெட்டோடு பல் வைத்த ரேக்கும் இருந்தால் கேட்டு வாங்குங்கள், மண்ணை உதிர்த்துவிட்டு வேரை மட்டும் வாரும்.

கேட்டவர்:
பாலம் ரொம்பப் பழசு அண்ணே. ஏழெட்டு டன் சின்ன செயின் வண்டி இழுக்குமா?

பதில் 2:
இழுக்கும் தம்பி, பெரிய தூருக்குச் சுற்றித் தோண்டி வேரை அறுத்துவிட்டுத் தள்ள வேண்டும், மணிக்கணக்கு ஏறும், அவ்வளவுதான். அப்புறம், பனைக்குச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். ஆபரேட்டரின் கவனம் முன்னால் இருக்கும் பக்கெட் மேல்தான் இருக்கும், வண்டி சுழலும்போது பின்பக்கம்தான் மரத்தில் இடிக்கும்.