கேலக்ஸி ஏ34: ஆண்ட்ராய்டு 16 டவுன்லோடு பாதியில் நிற்கிறது, போடலாமா?

கானாடுகாத்தான் தம்பி:
அண்ணே, அப்பத்தா வைத்திருக்கும் சாம்சங் ஏ34 போனுக்கு (128 ஜிபி) ஆண்ட்ராய்டு 16 வந்திருக்கிறது. டவுன்லோடு பாதியில் நின்றுவிடுகிறது. காலி இடம் 3 ஜிபிதான். வீட்டுச் சுவர் கனம், இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. போட்டால் திரையில் பச்சைக் கோடு விழும் என்றும் சொல்கிறார்கள். பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாமா?

காரைக்குடி மொபைல் சர்வீஸ்:
முதலில் இடம். இறங்கும் ஃபைலுக்கும் அதைப் பிரித்துப் போடவும் சேர்த்து இடம் வேண்டும். 10 ஜிபியாவது காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக நிற்கும். காலை வணக்க வீடியோக்கள்தான் பாதியை அடைத்திருக்கும். கேலரியில் அழித்தது குப்பையில் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள்.

சிக்னல் டவுன்லோடுக்குத்தான் வேண்டும், இன்ஸ்டாலுக்கு வேண்டாம். வளவில் முற்றத்தை ஒட்டி நிழலில் வைத்து இறக்குங்கள், வெயிலில் வேண்டாம். இறங்கிய பிறகு உள்ளே கொண்டுபோய் இன்ஸ்டால் கொடுக்கலாம். அதற்குமுன் போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்அப் எல்லாம் பேக்கப் ஆகட்டும்.

ஏ34-ல் பின்னணியில் ஓடும் அப்டேட் வசதி இல்லை. சாம்சங்கில் அது 2024-ல் ஏ55-இல்தான் முதலில் வந்தது. அதனால் இன்ஸ்டால் முடியும்வரை கால் மணி, அரை மணி போன் அடிக்காது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பிள்ளைகள் கூப்பிடும் நேரமாகப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். சார்ஜ் 60-க்கு மேல் இருக்கட்டும், கவரைக் கழற்றிவிடுங்கள், சூடு தேங்காது.

தேவகோட்டை:
லேப்டாப்பில் பிராட்பேண்ட் இருந்தால் ஸ்மார்ட் ஸ்விட்ச் (சாம்சங்கின் கம்ப்யூட்டர் புரோகிராம்) போட்டு கேபிளில் அப்டேட் செய்யுங்கள். நடுவில் கேபிளை மட்டும் பிடுங்கக் கூடாது.

பச்சைக் கோடு ஓலெட் திரையில் வரும் ஹார்டுவேர் கோளாறு. விழுந்துவிட்டால் பழைய வெர்ஷனுக்குப் போனாலும் போகாது, டிஸ்ப்ளேதான் மாற்ற வேண்டும். அதற்குப் பயந்து பாதுகாப்பு அப்டேட்டையே நிறுத்தி வைப்பது சரியில்லை, அதுவும் பேங்க் ஆப் ஓடும் போனில்.

கானாடுகாத்தான் தம்பி:
நன்றிண்ணே. திரும்பிப் போவது பற்றி?

காரைக்குடி மொபைல் சர்வீஸ்:
செட்டிங்ஸில் அபவுட் போன், சாப்ட்வேர் இன்ஃபர்மேஷன் போய் பில்டு நம்பரின் கடைசி ஐந்து எழுத்தைப் பாருங்கள். ஐந்தில் முதலாவது பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் புரோகிராம்) எண், அடுத்தது ஓஎஸ் வரிசை. பிறகு ஆண்டு: எக்ஸ் 2024, ஒய் 2025. அதன்பின் மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். அப்டேட் போட்டபின் பூட்லோடர் எண் ஏறியிருந்தால் பழைய ஃபர்ம்வேரை (போனின் சிஸ்டம் சாப்ட்வேரை) போன் ஏற்காது. கம்ப்யூட்டர் வழியாக வற்புறுத்தி ஏற்றினால் (ஃபிளாஷ் செய்தால்) பாதியில் எரர் காட்டி நிற்கும். எண் ஏறாவிட்டாலும், பழையதற்குப் போனால் டேட்டா எல்லாம் அழியும். அப்பத்தா போனில் அந்த வேலை வேண்டாம்.

போட்ட முதல் இரண்டு மூன்று நாள் போன் சுடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆப்களை உள்ளே மறுபடி தயார் செய்துகொண்டிருக்கும். ஒரு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் எந்த ஆப் தின்கிறது என்று பேட்டரி யூசேஜில் பாருங்கள்.

தேவகோட்டை:
இன்னொன்று, அப்பத்தாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்: அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும். வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக (ஆப்பை நேரடியாக இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வருவது எதுவானாலும், டிராஃபிக் அபராதம், பேங்க் கேஒய்சி என்று பெயர் போட்டிருந்தாலும், தொடவே கூடாது. பிளே ஸ்டோரில் கெட்ட ஆப்களைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.