கடமான் வேட்டைக்கு ஸ்கோப்: 3-9x40 போதுமா, 4-16x50 வேணுமா?

மலைக்காடு:
வணக்கம். ஆஸ்திரேலியாவில் கிப்ஸ்லாந்து மலைக்காட்டில் சாம்பர் (கடமான்) வேட்டைக்கு .308 ரைபிள் வைத்திருக்கிறேன், உரிமமும் இருக்கிறது. கடையில் 4-16x50 ஸ்கோப்பை (ரைபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கி) காட்டுகிறார்கள். ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு) முழுக்கக் கோடும் புள்ளியும். மான் பெரும்பாலும் 30 முதல் 150 மீட்டருக்குள்தான். எப்போதாவது எதிர்ச் சரிவில் 300. எதை வாங்க?

ஓரடி_நிதானம்:
3-9x40 எடுங்க. 3-9 என்பது உருப்பெருக்கம், 40 என்பது முன்கண்ணாடி விட்டம், மில்லிமீட்டரில். காட்டு வேட்டைக்கு ஸ்கோப்பின் சின்ன எண்தான் முக்கியம். 3x-இல் 100 மீட்டரில் சுமார் 11 மீட்டர் அகலம் தெரியும், 9x-இல் நாலரைதான். அதே 9x-இல் 30 மீட்டரில் மான் எழுந்தால் தெரிவது ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. கண்ணாடி முழுக்க மயிர்; தோளா தொடையா என்று புரிவதற்குள் மான் புதருக்குள் போயிருக்கும். நடக்கும்போது 3-லேயே வைங்க. தூரத்து மான் நின்று நிதானமாக மேயும், உருப்பெருக்க வளையத்தைத் திருப்ப நேரம் கிடைக்கும்.

அந்தி வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு: முன்கண்ணாடி விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுங்க, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர், 6-ஆல் வகுத்தால் 6.7. மங்கலில் நம் கண்மணி 5 முதல் 7 வரை விரியும். அதனால் இருட்டத் தொடங்கும்போது 6-க்கு இறக்கினால் படம் பளிச்சென்று இருக்கும்.

குறுக்குக்கோடு:
ரெட்டிகிள் பற்றி நான் சொல்கிறேன். இந்த விலை ஸ்கோப்புகள் அநேகமாக இரண்டாம் குவியத்தளம். உருப்பெருக்கம் மாறினால் மானின் படம்தான் பெரிதாகும், சிறிதாகும்; கோட்டின் அளவு மாறாது. ஆகவே கீழ்ப்புள்ளிகளின் (தூரத்தில் குண்டு இறங்குவதை ஈடுகட்ட நடுவுக்குக் கீழே உள்ள குறிகள்) கணக்கு ஒரே உருப்பெருக்கத்தில்தான் சரி, வழக்கமாக அதிகபட்சத்தில்.

.308-ஐ 200 மீட்டருக்கு ஜீரோ செய்தால் (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே அடிக்கும்படி சரிசெய்தால்) 100-இல் 5, 6 செ.மீ. மேலே அடிக்கும், 300-இல் சுமார் 25 செ.மீ. இறங்கும். அந்த 25-க்கான புள்ளியை 9x-க்குப் பதில் 4.5x-இல் வைத்துப் பிடித்தால் அது 50 செ.மீ. ஆகிவிடும். குண்டு 25 செ.மீ. உயரப் போகும், ஒன்று முதுகைக் கிழிக்கும், இல்லை தாண்டிவிடும். காயத்தோடு ஓடும் மானைச் சரிவில் தேடுவது பெரிய கொடுமை.

முதல் குவியத்தளத்தில் கோடும் படத்தோடு சேர்ந்து மாறும், இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் 4x-இல் கோடு நூலாக மெலிந்து, மர நிழலில் காணாமல் போகும். உங்கள் காட்டுக்கு டியூப்ளெக்ஸ் (வெளியே தடித்து, நடுவில் மெலிந்த சிலுவைக்கோடு) போதும். வெளிப்பக்கத் தடித்த கட்டைகள் கண்ணை நடுவுக்கு இழுக்கும். ஒளிரும் புள்ளி இருந்தால் நல்லதுதான், ஆனால் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். பிரகாசம் கூடினால் பின்னால் இருக்கும் மான் மங்கிவிடும்.

மலைக்காடு:
நன்றி அண்ணா. 3-9, டியூப்ளெக்ஸ் என்றே எடுக்கிறேன். பொருத்தும்போது கவனிக்க வேண்டியது?

ஓரடி_நிதானம்:
9x-இல் வைத்து, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் ஏற்றித் திறங்க. விளிம்பில் கறுப்பு தெரியாமல் போகும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்க. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ. அளவு இடைவெளி வேணும், குறைந்தால் பின்னடிப்பில் புருவம் கிழியும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளை டார்க் டிரைவரால் (முறுக்கு விசையை அளக்கும் திருப்புளி) சுமார் 2 நியூட்டன் மீட்டர், குறுக்காக மாற்றி மாற்றி முறுக்குங்க. கூடினால் குழாய் நசுங்கும்.

பிறகு வெறும் வானத்தைப் பார்த்து, கண் பக்கத்து வளையத்தைத் திருப்பிக் கோட்டைக் கூர்மையாக்குங்க. இரண்டு வினாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீங்க, கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும்.

குறுக்குக்கோடு:
ஒன்று விட்டுப்போச்சு: புதரில் அசைவது எதுவென்று பார்க்கப் பைனாகுலர்தான். ஸ்கோப்பால் பார்த்தால் துப்பாக்கிக் குழல் ஒரு மனிதரை நோக்கி இருக்கலாம்.