எர்ணாவூரில் 660 மெகாவாட் நிலக்கரி நிலையம்: வேண்டுமா, வேண்டாமா?

கழிமுகத்தான்:
எர்ணாவூரில் பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை ஒட்டி 660 மெகாவாட்டில் புதிய நிலக்கரி நிலையத்தைக் கட்டியே தீருவது என்று மின்வாரியத்தார் நிற்கிறார்கள். விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-இல் ஓடத் தொடங்கிய பழைய நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இந்த 660-க்கான விரிவாக்க வேலை 2014-லேயே லான்கோ நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனம் திவாலானது, வேலை அப்படியே நின்றது. அதற்குள் சுற்றுச்சூழல் அனுமதியின் காலமும் முடிந்துவிட்டதால் 2024 டிசம்பரில் மறுபடி கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள், எழுந்து பேசியவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தைச் சுற்றி இப்போதே என்னென்ன இருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். வட சென்னை நிலையத்தில் முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800, வல்லூரில் 1500. மொத்தம் 4130 மெகாவாட். இது போக எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 1320-க்குக் கட்டுமானம். இதற்கு மேல் 660. ஒரே ஆற்றின் வாயில் இன்னும் எவ்வளவுதான் வைப்பீர்கள்?

குமாரபாளையம் தறி:
உங்கள் வருத்தம் புரியுதுங்க. ஆனால் 2012-இல் சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் எங்கள் ஊரில் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினான்கு. எட்டுத் தறி வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் கரண்ட் வரும், ஓட்டம் சீராவதற்குள் போய்விடும். ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா பாதி வழியில் நின்றால், மறுபடி ஓடும்போது அந்த இடத்தில் துணியில் ஒரு கோடு விழும், அந்தத் துணியை எடுத்துப் போனால் கூலியில் பிடிப்பார்கள். ராத்திரி ஆட்கள் தறிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள், எப்போது கரண்ட் வந்தாலும் எழுந்து ஓட்ட வேண்டுமே. கடைசியில் நான்கு தறியை எடைக்குப் போட்டேன், பழைய இரும்பு விலைக்கு. அதனால் எங்கே மின்நிலையம் வருகிறது என்றாலும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வரும், அதை மறைக்க விரும்பவில்லை.

பாய்லர் மாடி:
முப்பது வருடத்துக்கு மேல் அனல்மின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கழிமுகத்தான் தம்பி கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஒரே இடத்தில் ஏன் என்றால், நிலக்கரி கப்பலில் வருவதால். ஒடிசாவில் தால்சர் சுரங்கங்களில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கு. காமராஜர் துறைமுகம் 2001-இல் தொடங்கியதே முதன்மையாக இந்த நிலக்கரிக்காகத்தான். இறங்கிய கரி கன்வேயரில் நேராக யார்டுக்குப் போய்விடும். இதையே உள்நாட்டில் வைத்தால் ரயில் வாடகை ஏறும், குளிர்விக்கக் கடல்நீரும் கிடைக்காது.

அப்புறம், தேவை. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் நம்மிடம் நிறைய இருப்பது உண்மைதான், ஆனால் காற்று நன்றாக அடிப்பது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான், சூரியனோ சாயங்காலம் ஆறரைக்குப் போய்விடும். ஏழு மணிக்கு ஊரே விளக்கும் ஏ.சி.யும் போடும்போது எதை ஓட்டுவது? தண்ணீரை மேலே ஏற்றி வைத்து ராத்திரியில் இறக்கும் நிலையம் கடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு இருக்கிறது, குந்தாவில் 500-க்கு வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. இவை மட்டும் போதாது.

புதிய 660 செட், அதாவது பாய்லரும் டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்தது, சூப்பர்கிரிட்டிக்கல், மிக அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் நீராவி எடுக்கும் வகை. வட சென்னை முதல் கட்டத்தின் பழைய 210 மெகாவாட் செட்டோடு ஒப்பிட்டால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கரி மிச்சம். வேண்டாம் என்றால் பழைய செட்டையே முக்கி முக்கி ஓட்டிக்கொண்டிருப்போம், அதுதான் இன்னும் மோசமான புகை.

கழிமுகத்தான்:
சார், அனுபவசாலி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கரி வரும் வழியைச் சொன்னீர்கள், எரிந்த பிறகு அது எங்கே போகிறது என்பதைச் சொல்லவில்லை.

என் அம்மா கையால் இறால் பிடித்தவர். பனை ஓலைப் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். விரல் நுனியில் இறால் துள்ளுவது தெரியும், அப்படியே அமுக்கிப் பறியில் போட வேண்டும். சேற்றின் பதத்தை வைத்தே வெள்ளை இறால் எங்கே, கருப்பு எங்கே என்று சொல்வார். நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய் உடைந்து ஆற்றுக்குள் வழிந்த பிறகு அந்தச் சேறே இல்லை. கால் வைத்தால் சிமெண்ட் கரைத்ததுபோல் முழங்கால் வரை இறங்கும், மேலே வழவழவென்று சாம்பல் நிறம், அதற்குக் கீழே கடினமான ஒரு படலம். உள்ளே எதுவும் துள்ளாது. வலையை உதறினால் தூள் கொட்டும், கை நாள் முழுக்க அரிக்கும். ஒரு முறை இரண்டு முறை நடந்தால் விபத்து என்று சொல்லலாம், ஒட்டுப்போட்ட குழாய் மறுபடி மறுபடி உடைந்தால் அதற்கு என்ன பெயர்?

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் கொட்டிய இடங்களைச் சீரமைக்கச் சொல்லி உத்தரவே போட்டது. செப்பாக்கம் கிராமத்துக்காரர்கள் சாம்பல் குட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். முதலில் அதை முடியுங்கள்.

யார்டுக்காரர் மகள்:
நான் கத்திவாக்கம் பக்கம். என் அப்பா பழைய நிலையத்தின் கரி யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் குளித்த தண்ணீர் கருப்பாக ஓடும், இருமலும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது அந்தக் கூலி. 2017-இல் கதவைச் சாத்தியபோது அவருக்கு ஐம்பத்து இரண்டு வயது, வேறு எங்கும் எடுக்கவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை, மெஸ், சைக்கிள் கடை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இந்தக் குடும்பங்களுக்கு என்ன வழி என்றும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கழிமுகத்தான்:
தங்கச்சி, உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்குமா என்பதுதான் என் சந்தேகம். 2025 செப்டம்பர் 30 அன்று சிறப்புப் பொருளாதார மண்டலத்துக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். கட்டும்போது அவர்களைக் கூட்டி வருகிறார்கள், கட்டி முடித்த பிறகு இந்தக் காலத்து இயந்திரத்துக்கு அந்தக் காலத்தைப்போல ஆள் தேவையில்லை. பாய்லர் மாடி சாரே சொல்லட்டும்.

பாய்லர் மாடி:
ஆள் குறைவுதான், அது உண்மை. பழைய எண்ணூர் நிலையத்தின் ஐந்து சின்ன செட்டுக்குத் தேவைப்பட்ட ஆட்களை ஒரே பெரிய செட் கேட்காது.

சாம்பலைப் பற்றியும் ஒளிக்காமல் கணக்கே போட்டுவிடுகிறேன். 660 செட் 85 சதவீதம் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 1.35 கோடி யூனிட். யூனிட்டுக்கு 650 கிராம் கரி என்று வைத்தால் எட்டாயிரத்து எழுநூறு டன்னுக்கு மேல். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல், ஆக தினம் மூவாயிரம் டன் சாம்பல், இருபது டன் லாரியில் 150 லோடு. இதைக் காய்ந்த பொடியாகவே பிடித்து சிமெண்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பிவிட்டால் ஆற்றுக்கு ஒன்றும் வராது. தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளும்போதுதான் தொல்லை, அந்தச் சாம்பல், குழாயின் அடிப்பக்கத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் குறித்த காலத்தில் குழாயைத் திருப்பிப் போட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அந்தப் பராமரிப்பில் எங்கள் துறை தவறியது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு 1999-இல் தொடங்கி 2021 டிசம்பர் வரை அறிவிக்கை மேல் அறிவிக்கை வந்தது.

குமாரபாளையம் தறி:
கந்தகப் புகையைப் பிடிக்க ஒரு கருவி இருக்கிறதே, அதை வைத்தால் புகைத் தொல்லையாவது தீராதா?

பாய்லர் மாடி:
எஃப்.ஜி.டி.யைச் சொல்கிறீர்கள். 2015-இல் விதி வந்தது, பிறகு கெடுவைத் தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு மத்திய அரசு விலக்கே கொடுத்துவிட்டது. நம் கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். என்னைக் கேட்டால், லட்சக்கணக்கான ஜனம் குடியிருக்கும் எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கத்தில் அது இல்லாமல் ஒரு செட்டும் ஓடக்கூடாது. இன்னொன்று. 660 வருகிற அன்றைக்கே வட சென்னையின் பழைய 210 செட் மூன்றையும் நிறுத்துகிறோம் என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இது இரண்டும் இருந்தால்தான் நான் ஆதரிப்பேன்.

கழிமுகத்தான்:
எழுதிக் கொடுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் சார், மன்னித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதிய எதையும் இந்த ஆற்றில் நாங்கள் பார்த்ததில்லை.

குமாரபாளையம் அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2014-இல் ஒப்பந்தம் போட்ட இந்த நிலையத்திலிருந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் உங்கள் தறிக்கு ஒரு யூனிட்கூட வரவில்லை. அந்தப் பணத்தையும் காலத்தையும் சாயங்காலத்துக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேமித்து வைப்பதில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களும் யோசிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

குமாரபாளையம் தறி:
பத்து வருடக் கணக்கு எனக்கு இதுவரை தெரியாதுங்க. இருந்தாலும் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, நான்கு தறியை லாரியில் ஏற்றிய அன்று என் சம்சாரம் நடையில் நின்ற நிற்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் உங்கள் அம்மா கை வைத்த சேற்றுக்கு மேல் வரும் கரண்டில்தான் என் தறி ஓட வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். பழைய மூன்று செட்டையும் நிறுத்தும் தேதி எங்காவது எழுத்தில் இருக்கிறதா? யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்க.

யார்டுக்காரர் மகள்:
அதோடு உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை என்பதும் எழுத்தில் இருந்தால் போடுங்கள். அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.