வான் கோயன் விட்டுவைத்த வெறுந்தாள்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் காகித ஓவியங்களைப் பார்ப்பதற்கென்றே தனி அறை இருக்கிறது. வெளிச்சத்தில் தாளும் மையும் கெட்டுப்போகும் என்பதால் இவற்றைச் சுவரில் நிரந்தரமாக மாட்டுவதில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். டச்சு ஓவியர் யான் வான் கோயன் (1596–1656) வரைந்த கடற்கரைப் படங்களை அப்படித்தான் பார்த்தேன்.

சின்னச் சின்னத் தாள்கள். பலவற்றின் அகலம் 20 செ.மீ. அளவுதான். முதலில் கறுப்பு சாக்கால் விறுவிறுவென்று கோடுகள். அப்புறம் தண்ணீர் கலந்த சாம்பல் மையைத் தூரிகையில் தொட்டு அங்கங்கே சில தீற்றல்கள். தாளில் பாதிக்கு மேல் வானம். அதில் பெரும்பகுதியை அவர் தொடவே இல்லை. மேகத்தின் அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மை, ஈர மணலில் கொஞ்சம். மிச்சமிருக்கும் வெறுந்தாள்தான் வெளிச்சம். புத்தகங்களில் இதே படங்களைப் பார்த்தபோது இது எனக்குப் பிடிபடவே இல்லை. அச்சில் தாளின் நிறமும் ஒரு சாயமாகிவிடுகிறது, அவ்வளவு அழகும் அதிலேயே போய்விடுகிறது.

கரையில் எப்போதும் கூட்டம். அவர் வரைந்த மீனவர் ஊர்களில் ஒன்று, ஹேக் நகரை ஒட்டிய ஸ்கேவெனிங்கன். அதற்கு 1904 வரை துறைமுகமே கிடையாது. படகை மணலில் ஏற்றித்தான் நிறுத்தவேண்டும், அதற்காகவே அடிப்பாகத்தைத் தட்டையாகக் கட்டினார்கள். மீன் இறங்கிய இடத்திலேயே விலைபேச்சு. ஒவ்வொரு ஆளுக்கும் நாலைந்து கீறல்தான் போட்டிருக்கிறார், ஆனாலும் கூடை சுமப்பவரின் முதுகு வளைவு தெரிகிறது!

பல தாள்களில் 1653 என்ற ஆண்டு இருக்கும். அந்த ஒரே ஆண்டில் ஏராளமாக வரைந்திருக்கிறார். துலிப் கிழங்கு வியாபாரத்தில் பணத்தை இழந்து, கடனோடு இறந்த மனிதர். இவற்றை விற்பதற்காகவே வரைந்திருந்தாலும் என் கண்ணில் மதிப்பு துளியும் குறையாது. அவசரத்தில் போட்ட கோட்டில்கூடக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கப்பல்கள் பிடிக்கும் என்றால் இன்னொரு டச்சு ஓவியரான மூத்த வில்லெம் வான் டெ வெல்டேயின் தாள்களையும் கேட்டுப் பாருங்கள். கடற்போர் நடக்கும் இடத்துக்கே போய், படகிலிருந்தபடி வரைந்தவர். பாய்மரம், கயிறு, பீரங்கித் துளை எல்லாவற்றிலும் அவர் கை அசாத்தியத் துல்லியம். கடற்கரையின் ஈரக் காற்றுக்கு மட்டும் நான் வான் கோயனிடம்தான் போவேன்.