முதல் ரெகுலேட்டர் வாங்க வேண்டும், எது எடுக்கலாம்? கொஞ்சம் அவசரம்

செம்பனை_குளுவாங்:
எல்லாருக்கும் வணக்கம். டைவிங் லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது, டேங்க் காற்றை மூச்சுக்குக் கொடுக்கும் ரெகுலேட்டரை இனி வாடகைக்கு எடுத்து வாயில் வைக்க மனசில்லை, சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று பிஸ்டன், இன்னொன்று டயாஃப்ரம், டயாஃப்ரம் விலை அதிகம். எது நல்லது? ஆன்லைன் ஆஃபர் நாளை இரவோடு முடிகிறது, சீக்கிரம் சொல்லுங்கள். நன்றி.

நெகிரி_பையன்:
எந்த பிராண்ட், எந்த மாடல், எவ்வளவு வெள்ளி வரைக்கும் முடியும்? அந்த விலையில் ஆக்டோபஸும் (கூட்டாளிக்கான உபரி செகண்ட் ஸ்டேஜ்) பிரஷர் கேஜும் சேர்த்தியா? படத்தில் எல்லா ஹோஸும் தொங்கும், விலை மட்டும் டேங்கில் மாட்டும் முதல் ஸ்டேஜுக்கும் வாயில் வைக்கும் ஒரு செகண்ட் ஸ்டேஜுக்கும்தான் இருக்கும். அதை முதலில் பார்.

மெர்சிங்_அண்ணன்:
தம்பி, எங்கே டைவ் பண்ணப் போகிறீர்கள்? தியோமானா, சிப்பாடானா, வெளிநாடா? டேங்க் வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக்கா, வால்வுக்குள் திருகும் டின்னா (DIN) என்றும் சொல்லவில்லை. அப்புறம் இது ஜனவரி. கிழக்குக் கரையில் மழைக்காலம், தீவுகள் மூடிக் கிடக்கின்றன, மார்ச் வாக்கில்தான் திறப்பார்கள். நாளைக்குள் வாங்கி எந்தக் கடலில் இறங்கப் போகிறீர்கள்? ஆஃபர் திரும்ப வரும்.

ஆழ்கடல்77:
இந்தக் கேள்வியை நான் இங்கே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். யாரும் பழைய இழைகளைத் தேடிப் படிப்பதில்லை. பதில் ஒன்றுதான்: டின், பேலன்ஸ்டு டயாஃப்ரம், முழுக்க சீல் செய்த முதல் ஸ்டேஜ். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். பணம் இல்லை என்றால் சேர்த்துவிட்டு வாங்கு, தம்பி. நீ மூச்சு விடுவது இதில்தான்.

பவளம்_அக்கா:
நான் சொல்வது வேறு. முதலில் டைவ் கம்ப்யூட்டர் வாங்குங்கள். வாடகை ரெகுலேட்டரில் மூச்சு விடலாம், பழகிப் போகும். ஆனால் உங்கள் உடம்பில் நைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வாடகைக் கம்ப்யூட்டர் நேற்று வேறு ஒருவர் கையில் இருந்தால் எப்படிச் சொல்லும்? ஒரே கம்ப்யூட்டர் எல்லா டைவுக்கும் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

நெகிரி_பையன்:
அக்கா, அவர் ரெகுலேட்டர் கேட்கிறார்.

பவளம்_அக்கா:
தெரிகிறது தம்பி. எந்த வரிசையில் வாங்குவது என்பதும் அந்தக் கேள்விக்குள்தானே இருக்கிறது.

செம்பனை_குளுவாங்:
மில்லில் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். லைசென்ஸ் முதல் நிலையான ஓபன் வாட்டர் மட்டும்தான். மெர்சிங் வழியாக தியோமான், வேறு எங்கும் இல்லை. 2500 வெள்ளி வரை முடியும். பிஸ்டன் ஸ்கூபாப்ரோ எம்கே2, டயாஃப்ரம் க்ரெஸ்ஸி எம்சி9. இரண்டும் யோக். கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கிறது அக்கா.

ஓரிங்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிக் கேள்வி தேவைப்பட்டிருக்காது. சரி, வேலைக்கு வருவோம்.

முதல் ஸ்டேஜின் வேலை, டேங்கில் இருக்கும் 200 பார் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 9, 10 பார் கூடுதலாக இறக்கி ஹோஸுக்கு அனுப்புவது. எம்கே2 பேலன்ஸ்டு இல்லாத பிஸ்டன். நகர்வது ஒரு பிஸ்டன், அதன் கூடவே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான், நம் ஊர் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) மாதிரி கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. டேங்க் காலியாக ஆக ஹோஸில் வரும் அழுத்தமும் கொஞ்சம் இறங்கும், அதனால் கடைசிப் பகுதியில் மூச்சை இழுக்கச் சற்றே பலம் கூடுதலாக வேண்டும். எம்சி9 பேலன்ஸ்டு டயாஃப்ரம், பிஸ்டனுக்குப் பதில் வளையும் ரப்பர் தகடு, டேங்க் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் ஒரே மாதிரி கொடுக்கும்.

ஓபன் வாட்டரில் உங்கள் எல்லை 18 மீட்டர், 50 பார் காட்டும்போது நீங்கள் மேலே வந்துகொண்டிருக்க வேண்டும். அங்கே இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எங்கே தெரியும் என்றால், உங்கள் கூட்டாளிக்குக் காற்று தீர்ந்து, குறைந்த டேங்கில் இரண்டு பேரும் பதற்றத்தோடு ஒரே முதல் ஸ்டேஜில் இழுக்கும்போது. அதற்காகவே ஐரோப்பியத் தரத்தில் ஒரு சோதனை உண்டு. ரெகுலேட்டரில் ‘இஎன் 250ஏ’ என்று பொறித்திருந்தால், ஆக்டோபஸோடு இரண்டு பேர் இழுப்பதற்கு 30 மீட்டர் வரை சோதித்தது என்று அர்த்தம். ‘ஏ’ இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, சாதாரண பிஸ்டனில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல் தண்ணீர் நேராகப் போகும். நன்றாக ஊறவைத்துக் கழுவாவிட்டால் உப்பு அங்கேயே கட்டிக்கொள்ளும். டயாஃப்ரத்தில் உள்பாகங்களுக்குத் தண்ணீர் போகாது.

ஆழ்கடல்77:
யோக் வாங்கச் சொல்கிறீர்களா? யோக்கில் ஓரிங் என்ற ரப்பர் வளையம் டேங்க் வால்வில் வெளியே உட்கார்ந்திருக்கும், ஒரு இடி பட்டால் நழுவும். டின்னில் திருகின் உள்ளே அடைபட்டிருக்கும். யோக் 232 பார் வரைதான், டின் 300 பார் வரை போகும். இது தெரியாமல் ஆலோசனை சொல்லக்கூடாது.

மெர்சிங்_அண்ணன்:
300 பார் டேங்கை தியோமானில் எங்கே பார்த்தீர்கள்? அங்கே கிடைப்பது அலுமினியம் 80 டேங்க், 207 பார். கடைகளில் பெரும்பாலும் யோக்தான். சில வால்வில் நடுவே இருக்கும் இன்சர்ட்டைக் கழற்றினால் டின்னும் ஏறும், ஆனால் காலை எட்டு மணிக்குப் படகில் அந்தச் சாவியைத் தேடி நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டின் வாங்கினால் யோக் அடாப்டரும் கூடவே வாங்க வேண்டும்.

ஆழ்கடல்77:
குவாந்தான் பக்கம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு இறங்கும்போது யோக்கோடு வந்து பாருங்கள். 50 மீட்டருக்கும் கீழே. அப்போது தெரியும்.

பவளம்_அக்கா:
1941 டிசம்பர் 10-ல் மூழ்கிய அந்தக் கப்பல்களில் 800 பேருக்கும் மேல் போய்விட்டார்கள். அவை கல்லறைகள். இப்போதுதான் லைசென்ஸ் எடுத்தவரிடம் அதைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

ஆழ்கடல்77:
மரியாதையோடு வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருகிறோம் அக்கா. அந்தக் கப்பல்களின் இரும்பைத் திருட்டுத்தனமாக வெட்டிக் கொண்டுபோனவர்களைக் கேளுங்கள்.

பவளம்_அக்கா:
அவர்களையும் கேட்கத்தான் வேண்டும். அதற்குத் தனி இழை திறவுங்கள், நானும் வருகிறேன். இங்கே வேண்டாம்.

நெகிரி_பையன்:
ஒரு சந்தேகம், சீல் செய்தது நமக்குத் தேவையா? நம் கடல் 28, 29 டிகிரி.

ஓரிங்:
சீல் முக்கியமாகக் குளிர் தண்ணீருக்கு, உள்ளே பனி உறைந்து காற்று தானாகக் கொட்டாமல் இருக்க. 10 டிகிரிக்குக் கீழே போகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். நமக்கு அதனால் கிடைப்பது மணலும் உப்பும் உள்ளே போகாது என்பது மட்டும். நல்லதுதான், ஆனால் அதற்காக பட்ஜெட்டை உடைக்க வேண்டாம்.

குளுவாங்காரருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. பிஸ்டனா டயாஃப்ரமா என்பதைவிட, இதை யார் சர்வீஸ் செய்வார் என்று முதலில் கேளுங்கள். ரெகுலேட்டருக்குப் பொதுவாக வருடம் ஒரு முறை பார்வை, கையேட்டில் சொன்ன இடைவெளியில் முழு சர்வீஸ். ஓரிங், காற்றை அடைக்கும் சீட் எல்லாம் அந்த பிராண்டின் சர்வீஸ் கிட்டில்தான் வரும், பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். ஜோகூர் பாருவிலோ கேஎல்லிலோ அந்த பிராண்டைத் தொடும் கடைக்கு இன்றே போன் போடுங்கள், கிட் கையில் இருக்கிறதா, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு என்று கேளுங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கினால் இங்கே வாரண்டி செல்லுமா என்பதையும் சேர்த்து. பதில் திருப்தியாக இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நேரில் வாங்கினால் இன்னும் நல்லது. டேங்கில் மாட்டித் திறக்கச் சொல்லுங்கள், ஹோஸுக்கு வரும் இடை அழுத்தத்துக்கு ஒரு கேஜ் வைப்பார்கள், முள் ஒரு இடத்தில் போய் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் சரியில்லை.

மெர்சிங்_அண்ணன்:
நல்ல பதில். ஒன்று சேர்க்கிறேன். தோட்டத்து வீட்டில் இருப்பதால் சொல்கிறேன், கழுவும்போது முதல் ஸ்டேஜின் வாயை மூடும் டஸ்ட் கேப் காய்ந்து இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், கழுவும் தண்ணீருக்குள் செகண்ட் ஸ்டேஜின் முகப்பில் இருக்கும் பர்ஜ் பட்டனை அழுத்தவே கூடாது, அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் ஸ்டேஜுக்கே போய்விடும். தொட்டித் தண்ணீரில் அடியில் துரு படிந்திருந்தால் குழாயில் புதுத் தண்ணீர் பிடித்துக் கழுவுங்கள். காய்ந்ததும் மூடி போட்ட பெட்டியில் வையுங்கள். ஆணியில் மாட்டினால் எறும்பும் கரப்பானும் மவுத்பீஸ் வழியாக உள்ளே குடிபோகும். வாயில் வைக்கும் முன் உள்ளே ஒரு பார்வை பாருங்கள்.

ஆழ்கடல்77:
சர்வீஸ் விஷயத்தில் ஓரிங் சொன்னது சரி. டின் விஷயத்தில் நான் மாறமாட்டேன். பிற்பாடு டின்னுக்கு மாற்ற முடிகிற மாடலாகவாவது எடு தம்பி, பல முதல் ஸ்டேஜில் யோக்கைக் கழற்றி டின் பாகம் போடலாம்.

நெகிரி_பையன்:
என்ன ஆயிற்று, ஆஃபர் நேற்றோடு முடிந்திருக்குமே?

செம்பனை_குளுவாங்:
ஆஃபரை விட்டுவிட்டேன். ஜோகூர் பாருவில் ஒரு கடையில் நேரில் போய் டயாஃப்ரம் எடுத்தேன், யோக், டின்னுக்கு மாற்றலாம் என்றார்கள், சர்வீஸும் அவர்களே. கேஜ் வைத்துக் காட்டினார்கள், முள் நின்றது. ஆக்டோபஸ் சேர்த்து பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. எல்லாருக்கும் நன்றி.

ஓரிங்:
நல்லது. ரசீதையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள், முதல் சர்வீஸுக்குக் கேட்பார்கள். ‘250ஏ’ இருந்ததா?

நெகிரி_பையன்:
எம்சி9 தானா, வேறா? எவ்வளவு ஆயிற்று? நானும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

நெகிரி_பையன்:
அண்ணே?