பிளாப் 2: நடிக்கிற நோயாளியோட கதைச்சுப் பழகிறது எப்படி?

வெள்ளவத்தை_இன்டேர்ன்: பிளாப் 2 (வெளிநாட்டில படிச்ச டொக்டர்மார் பிரித்தானியாவில வேலை செய்யிறதுக்கான செய்முறைச் சோதனை) செய்ய மான்செஸ்டர் போகப்போறன், ஒரு ஸ்டேஷனுக்கு, அதாவது சோதனையின்ர ஒரு பகுதிக்கு, 8 நிமிசம்தான். வார்டில ஹிஸ்டரி (நோய் விபரம்) எடுக்கிற மாதிரி கேள்வியாக் கேட்டுக்கொண்டு போனா நோயாளியா நடிக்கிறவர் ஒண்டு ரெண்டு சொல்லோட நிப்பாட்டுறார், கடைசில ட்ரீட்மன்ட் சொல்ல நேரமே இல்ல. கொழும்பில எப்படிப் பழகலாம்?

தெஹிவளை_அண்ணா: தங்கச்சி, "என்னெண்டு சொல்லுங்கோ" எண்டு கேட்டுட்டு மறிக்காம இருங்கோ. அவருக்குக் குடுத்த கதைக்குள்ள அனேகமா ஒரு பயம் ஒளிச்சிருக்கும், தலையிடி எண்டு வாறவர் தாய்க்கு மூளையில கட்டி வந்ததை நினைச்சுக்கொண்டு இருப்பார், என்னவா இருக்குமெண்டு யோசிக்கிறீங்க எண்டு நீங்க கேட்டாத்தான் அது வெளில வரும், பிறகு நீங்க குடுக்கிற விளக்கம் அந்தப் பயத்துக்குத்தான் பதில் சொல்லோணும். அஞ்சாவது நிமிசமளவில விளக்கத்துக்கு வந்திடுங்கோ.

கொட்டாஞ்சேனை_77: மூண்டு பேரா சேருங்கோ, ஒராள் டொக்டர், ஒராள் நோயாளி, மற்றவர் டைமரோட. நோயாளியா நடிச்சுப் பாருங்கோ, அதிலதான் கனக்க விளங்கும். மருத்துவம் படிக்காத ஆள் கிடைச்சா இன்னும் நல்லம்.

வெள்ளவத்தை_இன்டேர்ன்: நன்றி அண்ணா. "ஐ ஆம் சாரி டு ஹியர் தட்" எல்லாம் பாடமாக்கோணுமா?

தெஹிவளை_அண்ணா: வேண்டாம், எல்லாருக்கும் ஒரே வசனம் எண்டா உடனே தெரியும். அவர் சொன்னதையே பிடிச்சுக் கதையுங்கோ. கெட்ட செய்தி எண்டா சொல்லிப்போட்டு கொஞ்சம் பேசாம இருங்கோ, அவர் வாய் திறக்கும் வரைக்கும்.