ஒரே ஆல்பம் ஆறு ஆல்பமா உடையுது, அவசரம்

ரயில்பாட்டு: பொன்னியின் செல்வன் 1 பாட்டெல்லாம் போன்ல ஏத்தினேன். ஆறு பாட்டும் ஆறு ஆல்பமா காட்டுது. ஆறுக்கும் ஒரே கவர் படம்! இது போதாதுன்னு பொன்னி நதி இன்னொரு தடவை ஏழாவதா தனியா நிக்குது. வரிசையா கேக்கவே முடியல. ராத்திரி ரயில் ஏறணும், யாராவது வழி சொல்லுங்க.

கேசட்பி: எந்த பிளேயர்? எம்பி3-யா, ஃப்ளாக்கா? ஃபைலா வாங்கினதா, இல்ல ஸ்ட்ரீமிங் ஆப் உள்ளேயே டவுன்லோட் பண்ணதா? ஆப் உள்ளேன்னா டேக்ல (ஃபைலுக்குள்ள எழுதியிருக்கிற பாட்டு விவரம்) கையே வைக்க முடியாது, இதோட விட்டுடலாம்.

பிட்ரேட்பாண்டி: ஃபோல்டர் பிரச்சினைங்க. எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, ஃபைல் பேர் முன்னாடி 01, 02னு நம்பர் போடுங்க. முடிஞ்சது.

ஒலிவட்டம்: பாண்டி, அது கார் ஸ்டீரியோவுக்கு. டேக் படிக்கிற பிளேயர் ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதே கேள்வி மாதம் மூன்று முறை வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் மனமில்லை. பெரும்பாலான பிளேயர்கள் 'ஆல்பம்', 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இரண்டு கட்டங்களைச் சேர்த்துத்தான் பாட்டுகளை அடுக்கும். இரண்டாவது காலியாக இருந்தால் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஒரே பாடகர் பாடிய ஆல்பத்தில் இது தெரியாது. இங்கே 'சொல்' பாடியவர் ரக்ஷிதா சுரேஷ், 'அலைகடல்' அந்தரா நந்தி, 'பொன்னி நதி' ரஹ்மான், ரைஹானா, பம்பா பாக்யா. ஆறு பாட்டுக்கு ஆறு பாடகர் பட்டியல், ஆகவே ஆறு ஆல்பம். பிளேயர் சரியாகத்தான் வேலை செய்கிறது.

ரயில்பாட்டு: எம்பி3. ஆண்ட்ராய்டு. லேப்டாப் இருக்கு.

கேசட்பி: பிளேயர் பேரை இன்னும் சொல்லல, பரவாயில்ல. லேப்டாப்ல எம்பி3டேக்னு டேக் திருத்துற மென்பொருள் போடுங்க. ஏழாவதா நிக்கிற பொன்னி நதி சிங்கிளை (தனிப்பாட்டா வந்தது) இப்போதைக்கு விட்டுட்டு மத்த ஆறையும் திறந்து கன்ட்ரோல்-ஏ. இடது பக்கம் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்துல 'ஏ.ஆர். ரஹ்மான்'. கன்ட்ரோல்-எஸ். ஆர்ட்டிஸ்ட் கட்டத்தைத் தொடவே கூடாது, பாடகர் பேரு அங்கதான் இருக்கு. டிராக் நம்பர் தப்பா இருந்தா பாட்டுகளை வரிசையா அடுக்கிட்டு கன்ட்ரோல்-கே. போன்ல இருக்கிற பழைய ஃபைலை அழிச்சுட்டுப் புதுசை ஏத்தி, பிளேயர்ல லைப்ரரியை ரீஸ்கேன் பண்ணுங்க. ரீஸ்கேன் விட்டா பழைய கோலமே தெரியும்.

புள்ளிக்கு அப்புறம் இடைவெளி விட்டா எல்லாப் படத்துக்கும் விடுங்க. 'ஏ.ஆர்.ரஹ்மான்' வேற, 'ஏ.ஆர். ரஹ்மான்' வேற. பிளேயருக்கு அது ரெண்டு ஆளு.

நாற்பத்தஞ்சு_சுற்று: ரஹ்மான் பேர் எதுக்கு? பாடினவங்க பலர். 'பல பாடகர்கள்'னு போட்டு கம்பைலேஷன் கட்டத்துல 1 குடுக்கணும். அந்தக் கட்டமே அதுக்குத்தான் இருக்கு.

கேசட்பி: கம்பைலேஷன்னா வேற வேற இடத்துல வந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது. 'காதல் பாடல்கள் 50' மாதிரி. படப்பாட்டு ஒரே இசையமைப்பாளர் ஒரே படத்துக்குப் போட்டது. நீங்க சொல்ற மாதிரி செஞ்சா நம்ம லைப்ரரி முழுக்க 'பல பாடகர்கள்'னு ஒரே குப்பைமேடா ஆயிடும், ராஜாவும் ரஹ்மானும் அதுக்குள்ள.

நாற்பத்தஞ்சு_சுற்று: ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம்னு வந்த கேசட்டை என்ன பண்ணுவீங்க? ரெண்டு இசையமைப்பாளர்னா?

கேசட்பி: ரெண்டு ஆல்பமா பிரிப்பேன். கேசட் வெறும் டப்பா.

ஒலிவட்டம்: டப்பாவும் வரலாறுதான். போகட்டும். ஆறு பாட்டும் சேர்ந்து 30 நிமிடத்துக்குள் அடங்கினால் ஆப்பிள் கணக்கில் அது ஆல்பமே இல்லை, இபி, அதாவது குட்டி ஆல்பம். ஏழு பாட்டு, அல்லது 30 நிமிடத்துக்கு மேல் இருந்தால்தான் ஆல்பம்.

நாற்பத்தஞ்சு_சுற்று: ஆப்பிள் யாருங்க இபி-க்கு இலக்கணம் சொல்ல? 1948-ல கொலம்பியா எல்பிங்கிற நீள இசைத்தட்டு விட்டது, 1949-ல ஆர்சிஏ விக்டர் நிமிஷத்துக்கு 45 சுற்று சுத்துற தட்டு விட்டது. அதே 7 அங்குலத் தட்டுல பக்கத்துக்கு ரெண்டு பாட்டு அடைச்சா இபி. நம்ம படப்பாட்டு பாதி அப்படித்தான் வந்துச்சு. அஞ்சாவது பாட்டுக்குத் தட்டுல இடமே இல்ல!

தாரணி_இசை: ரயில்பாட்டு கேட்ட அந்த ஏழாவது பாட்டு, சிங்கிள், அதுக்கு யாரும் பதில் சொல்லல. பொன்னி நதி முதல்ல சிங்கிளா வந்தது, முழு ஆல்பம் அப்புறம்தான். சிங்கிள் ஃபைல்ல ஆல்பம் பேரே 'பொன்னி நதி (படத்திலிருந்து)' மாதிரி இருக்கும், டிராக் 1/1. அதை ஆல்பம் பேருக்கு மாத்தாதீங்க, பொன்னி நதி ஆல்பத்துக்குள்ள ரெண்டு தடவை ஓடும். எம்பி3டேக்ல ஆல்ட்-டி (T) அடிச்சு ரெண்டு ஃபைல்லயும் ஐஎஸ்ஆர்சி பாருங்க, அது ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண், 12 எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். ஒண்ணா இருந்தா ஒரே பதிவு, சிங்கிளை அழிச்சிடலாம். பிளேலிஸ்ட்ல சிங்கிள் இருந்தா மட்டும் முதல்ல அங்க ஆல்பம் ஃபைலை மாத்திப் போட்டுக்கோங்க. வேற எண்ணா இருந்தா ரெண்டையும் கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ரீப்ளேகெயின் (பாட்டுகளோட சத்தத்தைச் சமன் பண்ற வசதி) போட்டிருந்தா வரிசையா கேக்கும்போது ஆல்பம் கெயின். டிராக் கெயின்ல அலைகடலும் தேவராளன் ஆட்டமும் ஒரே சத்தத்துக்கு வந்துடும், அது கொலை. கலந்து கட்டிக் கேட்டாத்தான் டிராக் கெயின்.

ரயில்பாட்டு: அஞ்சு ஒண்ணாயிடுச்சு!! சோழா சோழா மட்டும் தனியா நிக்குது. ஆல்பம் பேரு அச்சு அசல் ஒண்ணுதான், பத்து தடவை பாத்துட்டேன்.

பிட்ரேட்பாண்டி: அந்த ஃபைல் 128-ஆ இருக்கும். 320 வாங்குங்க.

தாரணி_இசை: பிட்ரேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பாண்டி அண்ணே.

ஆல்பம் பேரு தமிழ்ல இருக்கா? அப்போ சந்தேகம் 'பொ' மேலதான். யூனிகோட்ல ஒகரக் குறி 'ொ' ஒரே குறியாவும் வரலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் வரலாம். திரையில வித்தியாசமே தெரியாது. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பாக்காத பிளேயருக்கு அது வேற சொல். ஆறையும் தேர்ந்தெடுங்க. ஆல்பம் கட்டத்துல பேரு வராம 'கீப்'னு வந்தா ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. பேருக்குக் கடைசியில ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். எது காரணமா இருந்தாலும் மருந்து ஒண்ணுதான்: ஆறும் தேர்வுல இருக்கும்போதே கட்டத்தை அழிச்சுட்டுப் பேரை ஒரு தடவை புதுசா அடிச்சு சேவ் பண்ணுங்க, ஆறுக்கும் ஒரே எழுத்துக் கோவை போயிடும்.

ஒலிவட்டம்: இதில் தாரணி சொன்னது சரி. 'ஸ்ரீ'-க்கும் இதே தலைவலி உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்.

ரயில்பாட்டு: சரியாச்சு. நன்றி. வண்டி வந்துடுச்சு

கேசட்பி: எது காரணம்? 'பொ'-வா, கடைசி இடைவெளியா? 'கீப்' வந்துச்சா? சொல்லிட்டு ஏறியிருக்கலாம்.

நாற்பத்தஞ்சு_சுற்று: அது கிடக்கட்டும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்ல கடைசியா யார் பேரைப் போட்டாரு?